ஸ்டியரிங் கனம் என்று நித்யா சொன்னாளே

பாபு,

நீ போனை வைத்ததும் அடுப்பில் உலையை ஏற்றிவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். உன் கண் கம்ப்யூட்டரில் இருக்கும். கட்டைவிரலால் தட்டுகிற சத்தம்கூட எனக்கு இங்கே ராயபுரத்தில் கேட்கும். எழுத்தில் இருந்தால் தப்பிக்க முடியாது பார். எழுதி முடித்ததும் கொருக்குப்பேட்டை ஸ்டெல்லா வந்து போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாள். என் எழுத்து கோழி கிளறினமாதிரி இருக்கும், திட்டாமல் படி. ஞாயிற்றுக்கிழமைக்குள் படி. அன்றைக்குத்தானே ஓசூரில் அந்தப் பழைய காரைப் பேசி முடிக்கப் போவதாகச் சொன்னாய்.

வண்டியைப் பற்றி நீ ஆயிரம் சொன்னாய். நிறம், ஏசி, பாட்டுப் பெட்டி, பின்னால் கேமரா. கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொன்னாய். "ஸ்டியரிங் கொஞ்சம் கனமா கீதுன்னு நித்யா சொல்றாம்மா. அவளுக்கு இன்னும் பழக்கமில்ல. நான் ஓட்டிப் பாத்தேன், எனக்கு ஒண்ணும் தெரில. ஓட்ட ஓட்ட அவ கை சரியாயிடும்." அதோடு பேச்சை மாற்றி, இங்கே மழை உண்டா, அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். எனக்கு அதற்குப் பிறகு ஒன்றும் ஓடவில்லை. 'அவ கை சரியாயிடும்' என்றாயே, அந்த வார்த்தை மண்டையைக் குடைகிறது. காரில் போய் வரப்போவது உன் பெண்டாட்டி நித்யா. நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவில் தனியாகப் பள்ளிக்கூட வேலைக்குப் போகப்போவதும் அவள்தான். அவள் கனம் என்று சொன்னதற்கு நீ அவள் கையைக் குற்றம் சொல்கிறாய். இதே தப்பு நம் வீட்டில் ஒருமுறை நடந்தது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று உன் அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அவர் இன்றைக்குக் கடலில் இருக்கிறார். வந்து திட்டினால் திட்டட்டும்.

போன வருஷம் நாம் வாங்கினோமே அந்த வெள்ளைக் கார், அதன் கதைதான் இது. எனக்காகத்தான் வாங்கினோம். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, காத்திவாக்கத்தில் இறால் எடுத்து, எண்ணூர் பக்கத்து கம்பெனி கேன்டீன்களுக்குக் கொடுக்கிறேன் இல்லையா. ஷேர் ஆட்டோவில் ஐஸ் பெட்டியோடு ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். உன் அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. கடலிலிருந்து கரைக்கு வந்திருக்கிற நாட்களில் தானே ஓட்டிக் கூட்டிப்போகிறேன் என்றார். புளியந்தோப்பில் ஒரு புரோக்கர் கிடைத்தான். பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு. "சிங்கிள் ஓனரு நைனா, டாக்டரு வச்சிகினு இருந்த வண்டி, கிளினிக்குக்கும் வூட்டுக்கும்தான் ஓடிச்சி." பழைய கார் விற்கிற எவனைக் கேட்டாலும் அது ஒரு டாக்டர் ஓட்டின வண்டியாகத்தான் இருக்கிறது. இந்த ஊர் டாக்டர்கள் எல்லாம் இத்தனை கார்களை விற்றுவிட்டு எதில்தான் போகிறார்களோ, எனக்கு அது ஒரு சந்தேகம்.

நாங்கள் எப்படிப் பார்த்து வாங்கினோம் தெரியுமா? உன் அப்பா டிக்கியைத் திறந்து ஐஸ் பெட்டி எத்தனை நிற்கும் என்று பார்த்தார். உன் குமார் மாமா டயரை உதைத்துப் பார்த்தான். ஏன் உதைக்கிறாய் என்று கேட்டேன், எல்லாரும் உதைக்கிறார்கள் என்றான். நான் சீட் உறையைத் தடவி, உள்ளே மோந்து பார்த்தேன். நல்ல மல்லிகை வாசனை. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு சங்கரா மீனைக்கூட வாங்காதவள் நான். மேலே நல்ல மீனை அடுக்கி, அடியில் நேற்றைய மீனை வைத்துக் காது குத்தப் பார்ப்பார்கள் என்று கூடைக்கு அடிவரை கைவிட்டுப் பார்ப்பவள். அன்றைக்கு அந்த மல்லிகை வாசனையில் மயங்கிப்போனேன். மீன் கூடையில் யாராவது சென்ட் அடித்திருந்தால் நான் சும்மா விட்டிருப்பேனா? பிறகு உன் அப்பா திருவொற்றியூர் வரை ஓட்டிப் பார்த்தார். நல்ல வெயில். நாங்கள் வருவதற்கு முன்பே வண்டியை ஸ்டார்ட் பண்ணி நிறுத்தியிருந்தான் புரோக்கர். ஸ்டியரிங் விரல் பட்டால் திரும்பியது. "பஞ்சு கணக்கா கீது" என்றார் உன் அப்பா. வாங்கிவிட்டோம்.

வெயில் இருக்கிறவரை ஒரு குறையும் இல்லை. ஐப்பசி மழை பிடித்த பிறகு ஒரு காலையில் காத்திவாக்கம் போய்க்கொண்டிருந்தோம். இரவெல்லாம் பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. எண்ணூர் சாலையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையை ஒட்டி ஊருக்குள் திரும்ப வேண்டிய இடத்தில் வண்டி திரும்பவில்லை. நேராகப் போகிறது. எதிரே ஒரு கன்டெய்னர் லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வருகிறது. உன் அப்பா சீட்டிலிருந்து பாதி எழுந்து, உடம்பு முழுவதையும் ஸ்டியரிங் மேல் போட்டு இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. வண்டி திரும்பி, ஓரத்து மண்ணில் ஏறி நின்றது. இறால் வாங்கக் கொண்டுபோன வாளிகள் பின்னால் உருண்டன. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரைத் திட்டினேன். "இன்னாய்யா, தூங்கிகினே ஓட்டறியா?" என்று கத்தினேன். அவர் பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் இருந்ததைத்தான் நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். திட்டு வாங்கிச் சும்மா இருக்கிற மனுஷனா அவர்?

அதற்குப் பிறகு எனக்குத் தெரியாமல் தோளுக்கு எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தார். புளியந்தோப்பில் கட்டுப் போடுகிற வைத்தியரிடம் போனார். மழை பெய்த காலைகளில் கார் எடுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார், வேர்வை வழியும். வெயில் வந்தால் சரியாகிவிடும். துறைமுகத்தில் வயதானவர்கள் எல்லாரும் சொல்வதும் அதுதானே, மழை பிடித்தால் மூட்டு பிடித்துக்கொள்ளும் என்று. அவருக்கு அது அச்சாகப் பொருந்திவிட்டது. ஈரம் வந்தால் ஸ்டியரிங் கனம், ஈரம் வந்தால் தோள் பிடிப்பு. இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிட்டார். வண்டி மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. பிறந்ததிலிருந்து கையை நம்பி வாழ்ந்த ஆள், முதலில் சந்தேகப்பட்டதும் கையைத்தான்.

அடுத்த முறை, அவர் ஓட்டுகிற மீன்பிடி போட்டு கடலுக்குப் போகும்போது அவர் ஏறவில்லை. "டிரைவர் சீட்டுல நீ குந்து மச்சான்" என்று குமாரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். போட்டு முதலாளியிடமும் சொல்லிவிட்டார். நான் கேட்டேன், சாதாரணத் தோள் வலிக்கா கடலை விடுவார்கள் என்று. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒரு பொம்மக் கார திருப்ப முடியல என்னால. ஆளுங்கள ஏத்திகினு, துறைமுக வாசல்ல அலை தூக்கி அடிக்கசொல்ல, போட்ட திருப்புவனா? எவன் வூட்டுப் புள்ளையாவது போச்சுன்னா நான் இன்னா பதில் சொல்லுவேன்?" சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டார். அந்த வாரம்தான் நீ போன் செய்து, "வயசாவுதும்மா, போதும் கடலு, வூட்ல இருக்கட்டும்" என்றாய். நீ அன்பாகத்தான் சொன்னாய். ஆனால் அதைக் கேட்டதும் அவர் முகம் தொங்கிப்போனதை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் ஒத்துவரவில்லை. என் குணம் உனக்குத் தெரியும், ஒத்துவராத ஒன்று இருந்தால் தூக்கம் வராது. உன் அப்பா எனக்கு சிஐடி என்று பேர் வைத்ததே அதனால்தானே. அதே மழையில், அதே காலையில், ஐஸ் நிரம்பிய பெட்டியை இவர் ஒற்றை ஆளாகத் தூக்கி டிக்கியில் வைக்கிறார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அடுத்த நிமிஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தால் தோள் செத்துவிடுகிறது. அது என்ன தோள், பெட்டிக்கு ஒரு மாதிரியும் காருக்கு ஒரு மாதிரியும் வலிக்கும்? வேண்டுமென்றே மழை நாளில் அவரைத் தண்ணீர் கேன் தூக்க வைத்தேன். தேங்காய் உரிக்க வைத்தேன். பரணிலிருந்து அரிசி மூட்டையை இறக்க வைத்தேன். எல்லாம் செய்தார். "இன்னாமே, ஆள கொல்லப் பாக்கறியா?" என்று கேட்டாரே தவிர, தோள் வலிக்கிறது என்று சொல்லவில்லை. கேட்டால் எரிந்து விழுந்தார். அதனால் வாயைக் கிளறுவதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்தேன்.

ஸ்டெல்லாவை உனக்கு நினைவிருக்கும், ஒன்பதாம் வகுப்பில் உன்னோடு படித்தவள். இப்போது கால் டாக்ஸி ஓட்டுகிறாள். உன் அப்பா காரை எடுக்காத நாட்களில் என்னை அவள்தான் எண்ணூருக்குக் கூட்டிப் போனாள். நம் காரும் அவள் காரும் ஒரே மாதிரி வண்டி, நிறம்தான் வேறு. ஒரு நாள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவள் சாவி திருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பீடு காட்டுகிற முள்ளுக்குப் பக்கத்தில் ஏழெட்டு விளக்குகள் எரிந்தன. என்ஜின் ஓட ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாக அணைந்தன. அதில் ஒன்று மஞ்சளாக, ஸ்டியரிங் படம் போட்டு, பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறியோடு இருந்தது. "இது இன்னா லைட்டுமா?" என்றேன். "பவர் ஸ்டியரிங் லைட்டு ஆன்ட்டி. சாவி போட்டா எரியணும், ஸ்டார்ட் ஆனா அணையணும். ஓடசொல்ல எரிஞ்சா ஸ்டியரிங்ல ஏதோ கோளாறுன்னு அர்த்தம். எனக்கு அவ்ளோதான் தெரியும்." நான் யோசித்துப் பார்த்தேன். நம் வண்டியில் மற்ற விளக்குகளைப் பார்த்த நினைவு இருக்கிறது. இந்த மஞ்சள் படத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. "எங்க வண்டில அது எரியறதே இல்லியே" என்றேன். "அப்ப நல்லதுதானே ஆன்ட்டி, கோளாறு இல்ல" என்றாள். பிறகு அவளே வண்டியை ஓரம் கட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சாவி போட்ட ஒடனேகூட எரியலியா?"

இதைக் கவனமாகப் படி பாபு. கோளாறு விளக்கு எரிந்தால் பயப்படுகிறோம். எரியவே இல்லை என்றால் சந்தோஷப்படுகிறோம். ஆனால் சாவி போட்டதும் ஒருமுறை எரிந்து காட்டாத விளக்கை யாரோ வாயைக் கட்டி வைத்திருக்கலாம்.

அடுத்த மழைக் காலையில், உன் அப்பா படுத்திருக்கும்போது சாவியை எடுத்துக்கொண்டு நானும் ஸ்டெல்லாவும் நம் வண்டியில் போய் உட்கார்ந்தோம். சாவி போட்டோம். எல்லா விளக்கும் வந்தது, மஞ்சள் படம் வரவில்லை. ஸ்டெல்லா ஒரு சோதனை சொன்னாள், அவளுக்கு டாக்ஸி ஸ்டாண்டில் யாரோ சொல்லிக் கொடுத்தது. கியரை நியூட்ரலில் போட்டு, என்ஜின் ஓடாமல் இருக்கும்போது ஸ்டியரிங்கை லேசாக ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ண வேண்டும். ஸ்டார்ட் ஆன அந்தக் கணத்திலேயே ஸ்டியரிங் கைக்குள் இளகிக் கொடுக்க வேண்டும். அவள் வண்டியில் செய்து பார்த்தேன். நிஜமாகவே, பிடிவாதம் பிடித்த பிள்ளை சட்டென்று சொன்ன பேச்சு கேட்ட மாதிரி இளகியது. நான் அதையே மூன்று நான்கு தரம் செய்து பார்த்தேன், அத்தனை ஆசையாக இருந்தது. பிறகு நம் வண்டியில் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தோம். இளகவில்லை. இரண்டு பெண்கள் சேர்ந்து இழுத்தோம். கால்வாசிகூடத் திரும்பவில்லை. ஸ்டெல்லா கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, செத்துப்போன ஸ்டியரிங்கயா அங்கிள் இத்தினி நாளா வெறுங்கையால திருப்பினு இருந்தாரு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கன்டெய்னர் லாரிக்கு முன்னால் வண்டி திரும்பியது அவர் கையால். வேறு எவர் கையாக இருந்திருந்தாலும் திரும்பியிருக்காது, நான் இதை எழுதிக்கொண்டும் இருக்க மாட்டேன். அந்தக் கைக்குத்தான் பலம் போய்விட்டதென்று அந்த மனுஷன் போர்வையைப் போர்த்திப் படுத்துக்கிடக்கிறார். ஓடிப்போய் எழுப்பினேன். "இன்னாமே, காலங்காத்தால?" என்றார். "சும்மா வாய்யா, வந்து குந்து" என்று தள்ளிக்கொண்டு வந்து ஸ்டெல்லா வண்டியை ஸ்டார்ட் பண்ணி அதில் உட்கார வைத்தேன். திருப்பு என்றேன். தோளை முன்னால் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார். ஸ்டியரிங் சரசரவென்று கடைசிவரை ஓடிப்போய் நின்றது. அவர் முன்னால் சரிந்து ஹாரன் மேல் விழப்பார்த்தார். "இது புது வண்டி, அதான்" என்றார். "உங்க வண்டிக்கு முந்தின வருஷத்து வண்டி அங்கிள் இது" என்றாள் ஸ்டெல்லா. மழை தூறிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார், மறுபடியும் இடப்பக்கம். ஒரு விரலால் திருப்பினார். இறங்கி நம் வண்டிக்குப் போய் அதையும் ஸ்டார்ட் பண்ணித் திருப்பிப் பார்த்தார். அது முறுக்கிக்கொண்டு நின்றது, இவர் அதையும் திருப்பினார். பிறகு வெளியே வந்து டயரை ஓங்கி ஓர் உதை விட்டார். "கம்னாட்டி வண்டி" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷமும் இருந்தது, ஆத்திரமும் இருந்தது. அந்தப் புரோக்கர் எதிரே நின்றிருந்தால் கூடை கழுவுகிற தண்ணீரை அவன் தலையில் கொட்டியிருப்பேன். உன் அப்பா என்னைப் பார்க்காமல் கேட்டார்: "குமாரு எப்ப கடலுக்குப் போறான்?"

வண்டியைச் சரிசெய்த கதை சிரிப்பாக இருக்கும். திருவொற்றியூரில் முதலில் காட்டிய மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும், "பவர் ஸ்டியரிங் ஆயிலு எறங்கிப்போச்சு" என்று சொல்லிவிட்டு ஆயில் ஊற்றுகிற டப்பாவைத் தேடினார். தேடினார், தேடினார், கிடைக்கவில்லை. ஏனென்றால் நம் வண்டியில் அப்படி ஒரு டப்பாவே கிடையாது. அவர் அசடு வழிந்துகொண்டே சொன்ன பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. பவர் ஸ்டியரிங்கில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று பெல்ட் போட்டுப் பம்பு சுற்றி, எண்ணெயின் அழுத்தத்தில் திருப்புவது. இன்னொன்று கரண்டு மோட்டாரில் திருப்புவது, இப்போது வருகிற சின்ன வண்டிகளில் பெரும்பாலும் அதுதான். நம்முடையது கரண்டு. அதனால் ஒரு கார் எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனோம். அவர் டிரைவர் காலடியில் இருந்த கார்ப்பெட்டைப் பிய்த்துத் தூக்கினார். அடியில் வண்டல் மண். என் மல்லிகை வாசனை எதை மூடி வைத்திருந்தது என்று அப்போது மூக்குக்குத் தெரிந்தது. மண்ணுக்கு மேலே, ஸ்டியரிங் மோட்டாருக்குப் போகிற ஒயர் சேருகிற இடத்தில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. காய்ந்திருந்தால் கரண்டு போகும், ஈரம் ஏறினால் நின்றுவிடும். மீட்டர் பலகையைக் கழற்றியபோது மஞ்சள் விளக்கின் மேல் ஒரு துண்டுக் கறுப்பு டேப்பு ஒட்டியிருந்தது. சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பார்த்தோம். சுருண்டு உள்ளே இருந்த பாகத்தில் சேற்றுத் தண்ணீர் நின்ற கோடு, அளந்து போட்டமாதிரி. டாக்டருடைய வண்டி எங்கோ வெள்ளத்தில் ஜன்னல் வரை முங்கிக் கிடந்திருக்கிறது. புரோக்கரைப் போய்க் கேட்டதற்கு, "எனக்கு எப்டி வந்துச்சோ அப்டியே குடுத்தேம்மா" என்று கம்பி நீட்டிவிட்டான்.

ஒயரை மாற்றிக் கட்டி, டேப்பைப் பிய்த்துப் போட்டு ஓட்டுகிறோம். விளக்கு இப்போது ஒழுங்காக எரிந்து அணைகிறது, நான் தினமும் பார்க்கிறேன். ஆனாலும் வெள்ளத்தில் கிடந்த கரண்டு ஸ்டியரிங் வண்டியை முழுசாக நம்ப முடியாது என்று அந்த எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டார். தெரிந்திருந்தால் வாங்கியிருக்கவே மாட்டோம்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே போ. பானெட் மேல் கை வைத்துப் பார், சூடாக இருந்தால் உனக்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். ஆறட்டும் என்று டீ குடித்துவிட்டு வா. சில கோளாறுகள் குளிர்ந்த வண்டியில்தான் குரல் கொடுக்குமாம், சில நன்றாகச் சூடான பிறகுதானாம். அதனால் அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் வராதே. மஞ்சள் விளக்கைப் பார். ஸ்டெல்லா சோதனையைச் செய். நின்ற இடத்தில் மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பு, நடுவில் எங்கேயாவது கொக்கி போட்டு இழுக்கிறதா பார். கோடியில் போய் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்காதே, அது மோட்டாருக்கும் ஆகாது பம்புக்கும் ஆகாது. எண்ணெய் ஸ்டியரிங் வண்டியாக இருந்தால் திருப்பும்போது கொசு கத்துகிறமாதிரி முனகல் வருகிறதா என்று கேள். டப்பாவைத் திறந்து பார், எண்ணெய் தெளிவாக இருக்க வேண்டும். கறுத்து, தீய்ந்த வாடையோ நுரையோ இருந்தால் வேண்டாம். வண்டி நின்ற இடத்தில் தரையில் சொட்டு இருக்கிறதா என்று குனிந்து பார். வெள்ளைப் பேன்ட் போட்டுக்கொண்டு போகாதே. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஸ்டியரிங்கில் டொக்கென்று அடிக்கக் கூடாது. வளைவு திரும்பி முடித்ததும் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வர வேண்டும், நேர் ரோட்டில் ஒரு பக்கமாக இழுக்கக் கூடாது. முன் டயர்கள் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ஏன் என்று கேள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழு, கார்ப்பெட்டைத் தூக்கு, சீட்டுக்கு அடியில் இரும்பில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். வாசனை பலமாக அடித்தால் பலமாகவே சந்தேகப்படு. இதெல்லாம் உனக்குப் பேஜாராக இருந்தால், ஒரு நல்ல கார் எலக்ட்ரீஷியனைக் கூடக் கூட்டிப் போ.

நீ ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை என்றாய். உனக்கு எப்படித் தெரியும்? லீவு நாளெல்லாம் அப்பாவோடு போட்டில் வலை இழுத்து வளர்ந்த கை உன்னுடையது. ஸ்டியரிங் பாதி செத்திருந்தாலும் நீ பாட்டுக்குத் திருப்பிவிட்டு, நல்லா இருக்கு என்று சொல்வாய். அப்பனும் பிள்ளையும் ஒரே அச்சு. கார் திரும்பாத அந்த இடத்தில் உன் அப்பா இருந்ததால் நான் பிழைத்தேன். ஓசூர் ரோட்டில், லாரிக்கு முன்னால், அந்த ஸ்டியரிங் நின்றுபோகும்போது சீட்டில் இருக்கப்போவது நித்யா. நான் பயமுறுத்தவில்லை பாபு, எனக்கே பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. உன் அப்பா அந்த மழைக்காலம் முழுக்க ஸ்டியரிங் கனமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் நான் அப்போதே வண்டியைக் குடைந்திருப்பேன், அவர் ஒரு நாள்கூடக் கரையில் படுத்திருக்க மாட்டார். அவருக்கு அதைச் சொல்ல வெட்கம். நித்யாவுக்கு அந்த வெட்கம் இல்லை. ஒருதரம் உட்கார்ந்து பார்த்தாள், கனமாக இருக்கிறது என்று உன்னிடம் நேரே சொன்னாள். நீ அவளிடம் 'உன் கை பழகலை' என்றால், அடுத்த தடவை அவள் சொல்ல மாட்டாள். உன் அப்பா மாதிரிப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்ட ஆரம்பித்துவிடுவாள்.

அரிசி வெந்துவிட்டது, நான் எழுந்திருக்க வேண்டும். ஸ்டெல்லாவும் வந்து, "முடிச்சாச்சா ஆன்ட்டி, சவாரி கீது" என்று வாசலில் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாவியை நித்யா கையில் கொடு. நீ பக்கத்தில் உட்கார். வாயைத் திறக்காதே. அவள் மறுபடியும் கனமாக இருக்கிறது என்று சொன்னால், வண்டி கனமாக இருக்கிறது. இறங்கி, அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடு.

அம்மா